ஓட்டோ லிலியந்தால்: பறத்தலைப் பயின்ற பெரியார்

வானத்திற் பறவைபோல் உலாவவேண்டும் என்னும் ஆசை மக்கட்குலத்திற்கு மிகப் பழையது. இராமாயணத்தின் புட்பக விமானத்தையும், சீவக சிந்தாமணியில் விசயையைச் சுமந்து சென்ற மயிற்பொறியையும் அறியாத தமிழ் மாணவர் இலர். கிரேக்கர்க்கும் மெழுகினால் ஒட்டிய சிறகுகளுடன் பறந்து கடலில் வீழ்ந்த இகாரசின் கதை உண்டு. ஆயினும் ஆசை வேறு, அதனை நிறைவேற்றும் வழி வேறு. சிறகு கட்டிக்கொண்டு கோபுரங்களினின்றும் குதித்துக் காலொடிந்தோரும் உயிர் துறந்தோரும் பல நூற்றாண்டுகளில் பலராயினர். அவர்களிடம் துணிவுக்குக் குறைவில்லை. நீந்துதலைப் போலப் பறத்தலும் சிறிது சிறிதாகப் பயின்று பெறவேண்டிய ஒரு வித்தை என்னும் உணர்வே அவர்களிடம் இல்லாதிருந்தது.

அவ்வுணர்வைத் தம் வாழ்க்கையால் உலகிற்கு ஊட்டியவர், ஜெர்மனி தேசத்துப் பொறியாளராகிய ஓட்டோ லிலியந்தால் என்பவர். இன்று கிளைடர் எனப்படும் யந்திரமில்லா விமானங்களை ஓட்டி மகிழும் சங்கங்கள் பல தேசங்களில் உள. வசந்தம் பிறந்ததும் அச்சங்கத்தார் மேற்கொள்ளும் பயிற்சிகளுக்கெல்லாம் வித்திட்டவர் இவரே. அன்னாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறி, அவ்வித்து முளைத்த வகையையும் காட்ட யாம் விழைகின்றோம்.

பிறப்பும் இளமையும்

லிலியந்தால் 1848ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், பிரஷ்யாவின் பொமரேனியா மாகாணத்தைச் சேர்ந்த அங்க்லாம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் துணி வாணிகர். தாயார் இசைப் பயிற்சி மிக்கவர். அவர்களுக்குப் பிறந்த மக்கள் எண்மரில் ஐவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். எஞ்சியோர் ஓட்டோவும், அவருக்கு ஓராண்டு இளையவராகிய குஸ்டாவும், மரியா என்னும் தங்கையுமே. 1861ஆம் ஆண்டில் தந்தையாரும் காலமானார். அப்பொழுது ஓட்டோவுக்கு வயது பதின்மூன்று. கைம்பெண்ணாகிய தாயார் வறுமைக்கு அஞ்சாது மக்கள் மூவரையும் வளர்த்துக் கல்வியறிவு பெறச் செய்தார்.

அங்க்லாமைச் சூழ்ந்தவை பரந்த புல்வெளிகள். ஆண்டுதோறும் வசந்தத்தில் ஆப்பிரிக்காவினின்றும் திரும்பி வரும் செங்கால் நாரைகள் அங்கே வீட்டுக் கூரைகளில் கூடு கட்டும். சத்திமுற்றப் புலவரால் தமிழராகிய நமக்கு நெடுநாட் பழக்கமான அப்பறவையே லிலியந்தால் சகோதரர் இருவருக்கும் முதலாசிரியர் ஆயிற்று. நாரை எழும்பும்போது காற்றை எதிர்த்தே ஓடி எழும்புவதனை அவர்கள் கண்டனர். சிறகடியாமலே அது நெடுந்தூரம் மிதந்து செல்வதனையும் கண்டனர். அவ்வளவு பெரிய பறவை இவ்வளவு எளிதில் மிதக்கக்கூடுமாயின், மனிதனுக்கு மட்டும் காற்று இடங்கொடாதது ஏன் என்னும் வினா அவ்விளைஞர் உள்ளத்தில் வேரூன்றியது.

பள்ளிச் சிறுவராய் இருந்தபோதே இருவரும் மரச்சட்டங்களால் சிறகுகள் செய்து கைகளிற் கட்டிக்கொண்டு மேட்டினின்றும் ஓடிப் பார்த்தனர். உடன்பயிலும் மாணவர் கண்டால் எள்ளி நகையாடுவர் என்று அஞ்சி இம்முயற்சியை இரவிலேயே செய்தனராம். சிறகுகள் அவர்களைத் தூக்கவில்லை. ஆனால் அவர்களுடைய ஊக்கமும் சிறிதும் தளரவில்லை.

ஓட்டோ அங்க்லாமிற் பயின்ற பின்னர்ப் போட்ஸ்டாம் நகரத்துத் தொழிற்பள்ளியிற் சேர்ந்து சிறந்த தேர்ச்சி பெற்றார். பின்பு பெர்லினில் ஒரு யந்திரத் தொழிற்சாலையில் கைத்தொழில் பழகி, 1867 முதல் 1870 வரை அந்நகரத்துத் தொழிற் கலாசாலையில் பொறியியல் கற்றார். அக்காலத்தில் அவர் பட்ட வறுமை பெரிது. படுத்துறங்கும் கட்டிலையும் பிறரோடு முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் நிலையில் இருந்தார் என்பர். 1870ஆம் ஆண்டில் பிரான்சுடன் போர் மூளவே, தொண்டராய்ப் படையிற் சேர்ந்து மறு ஆண்டில் திரும்பினார். போர்க்களத்தினின்றும் மீண்ட பின்னரும் அவர் நெஞ்சில் நின்றது பறத்தல் ஒன்றே.

ஆராய்ச்சி

1870ஐ அடுத்த ஆண்டுகளில் பறத்தலைப் பற்றிப் பேசுவோரை அறிஞர் உலகம் நன்கு மதிக்கவில்லை. புகைக்கூண்டு வேண்டுமானால் உயரலாம். காற்றினும் கனமான பொருள் எவ்வாறு காற்றில் நிற்கும் என்பதே பலரின் எண்ணம். லிலியந்தால் எவரோடும் வாதாடவில்லை. அளந்து பார்க்கத் தொடங்கினார். சுழலும் நீண்ட கரம் ஒன்றன் முனையிற் பலவகைத் தகடுகளைப் பொருத்தி, அவற்றின்மேற் காற்று எவ்வளவு விசையுடன் தாக்குகின்றது, எவ்வளவு மேலே தூக்குகின்றது, எவ்வளவு பின்னே தள்ளுகின்றது என்பவற்றை ஒவ்வொரு சாய்விற்கும் தனித்தனியே குறித்தார். திறந்த வெளியில் இயற்கைக் காற்றிலும் இவ்வாறே சோதித்தார். தம்பியார் குஸ்டாவ் இவ்வேலையில் உற்ற துணையாயிருந்தார்.

அவர்கள் கண்ட உண்மை இது: தட்டையான பலகையைக் காட்டிலும், பறவைச் சிறகைப்போல மேற்புறம் சிறிதே வளைந்த பரப்புக்குக் காற்றின் தாங்குதல் மிகுதி, தடை குறைவு. அவ்வளைவும் பெரிதாக இருத்தல் வேண்டா. சிறகின் அகலத்தில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு உயரமே போதும். இயற்கை நாரையின் சிறகில் வைத்திருந்த மறை இதுவே.

1874ஆம் ஆண்டு முதல் ஈட்டிய அளவுகளை அவர் உடனே வெளியிட்டுப் புகழ்தேட விரும்பவில்லை. பதினைந்து ஆண்டுகள் மீண்டும் மீண்டும் சரிபார்த்து, 1889ஆம் ஆண்டில், பறவைகளின் பறத்தலே மனிதர் பறக்குங் கலைக்கு அடிப்படை என்னும் கருத்தையே பெயராகக் கொண்ட நூலொன்றைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அந்நூலை வாங்கினோர் அப்பொழுது மிகச் சிலரே. எனினும் வான்பறத்தற் கலையின் மூலநூல்களில் ஒன்றாக இன்று அது போற்றப்படுகின்றது.

இல்லறமும் தொழிலும்

1878ஆம் ஆண்டில் ஆக்னெஸ் பிஷர் என்னும் நங்கையை மணந்து நான்கு மக்களைப் பெற்றார். வெடிக்கும் அபாயம் குறைந்த சிறிய நீராவிக் கொதிகலம் ஒன்றைப் புதிதாய் அமைத்து, அதனால் ஈட்டிய பொருளைக்கொண்டு பெர்லினில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கினார். 1890ஆம் ஆண்டிலே தம் தொழிலாளர்க்கு ஆதாயத்தில் நூற்றுக்கு 25 பங்கு அளிக்கும் முறையை அவர் ஏற்படுத்தினார். ஏழைகளும் நல்ல நாடகங்களைக் காணவேண்டும் என்று கருதி, பெர்லினின் கீழ்ப்பகுதியில் இருந்த நாடக சாலை ஒன்றுக்குப் பொருளுதவி செய்து, சிலபோது தாமும் வேடந் தாங்கி நடித்தார். நாடகம் ஒன்று இயற்றவும் செய்தார். பறத்தல் ஒன்றையே கருதி மனிதரை மறந்தவர் அல்லர் அவர் என்பதற்கு இவை சான்றாம்.

வானிற் பயின்ற ஆண்டுகள்

1891ஆம் ஆண்டில் லிலியந்தாலுக்கு வயது நாற்பத்து மூன்று. இல்லறத்தானாய், தொழிற்சாலைக்கு உரியவனாய் இருப்பவன் சாய்மானத்தில் அமர்ந்து இளைப்பாற விரும்பும் வயது அது. அவ்வயதிலேதான் அவர் வில்லோ மரத்தின் வளாரினாற் சட்டங்கட்டி, மேலே பருத்தித் துணி போர்த்த சிறகுகளைத் தோளில் ஏந்தினார்.

அவர் தொடங்கிய முறையை மாணவர் ஊன்றிக் கவனித்தல் நன்று. முதலில் தம் வீட்டுத் தோட்டத்துப் புற்றரையில் ஒரு குதிபலகை அமைத்தார். அதன் உயரம் ஒரு மீட்டர் மட்டுமே. அதனின்று சிறகுடன் ஓடிக் குதித்துப் பழகினார். அவ்வுயரம் கைவந்த பின்னரே பலகையைச் சிறிது உயர்த்தினார். இரண்டரை மீட்டர் வரையில் இவ்வாறே படிப்படியாய் உயர்த்தினார். அப்பால்தான் பெர்லினுக்கு மேற்கேயுள்ள டெர்விட்ஸ் என்னும் சிற்றூரின் மேட்டிற்குச் சென்றார். அங்கே அவ்வாண்டில் அவர் பறந்த மிகுந்த தூரம் 25 மீட்டர் அளவே. நமது கலாசாலை மண்டபம் ஒன்றின் நீளம்கூட அதனினும் மிகுதியாகலாம். ஆனால் அவ்விருபத்தைந்து மீட்டரும் தற்செயலாய் நேர்ந்தது அன்று. வேண்டியபோதெல்லாம் திரும்பச் செய்யத்தக்கது. அதுவே அதன் பெருமை.

ஒவ்வோராண்டும் சிறகை மாற்றியமைத்து, இடத்தையும் மாற்றி, மேலும் மேலும் பயின்றார். 1893ஆம் ஆண்டு முதல் பெர்லினுக்கு வடமேற்கே உள்ள ரைனோ குன்றுகளிற் பறந்து 250 மீட்டர் வரை சென்றார். 1894ஆம் ஆண்டில் பெர்லினை அடுத்த லிஷ்டர்பெல்டெயில், செங்கற் சூளையின் கழிவு மண்ணைக் குவித்து, 15 மீட்டர் உயரமுள்ள குன்று ஒன்றைத் தாமே எழுப்பினார். அது கூம்பு வடிவினது. ஆதலின் காற்று எத்திசையினின்று வீசினும் அதனை எதிர்த்து ஓடலாம். நாரையிடம் கற்ற முதற்பாடத்தை அவர் மறந்தாரல்லர். ஞாயிற்றுக்கிழமைகளில் பெர்லின் மக்கள் அங்கே திரண்டு வந்து, மனிதன் பறப்பதைக் கண்டு வியந்தனர். நிழற்படம் எடுப்போர் எடுத்த படங்கள் பல தேசத்துப் பத்திரிகைகளிலும் வெளிவந்தன. பறத்தல் கற்பனையன்று என்பதனை அப்படங்கள் உலகிற்கு மெய்ப்பித்தன.

அவர் செய்த விமானங்களுள் புகழ்பெற்ற ஒன்று சுமார் 20 கிலோகிராம் எடையும், 13 சதுர மீட்டர் சிறகுப் பரப்பும் உடையது. ஏறுவோன் முழங்கைகளை அதன் சட்டத்தில் ஊன்றி, இடுப்பும் கால்களும் கீழே தொங்க நிற்பான். வலச்சிறகு மேலெழுந்தால் கால்களை வலப்புறம் வீசியும், முன்புறம் எழுந்தால் உடலை முன்னே தள்ளியும் நிலைநிறுத்த வேண்டும். வேறு கட்டுப்பாடு பெரும்பாலும் இல்லை. இவ்விமானத்தை 500 மார்க் விலைக்குப் பிறர்க்கும் செய்து கொடுத்தார். ஒரே மாதிரியாகப் பல விமானங்களைச் செய்து விற்ற முதல் தொழிற்சாலை அவருடையதே. வாங்கினோருள் ரஷ்ய அறிஞர் ழுக்கோவ்ஸ்கியும் ஒருவர். ஸ்காட்லாந்தில் தாமும் விமானம் செய்து பயின்ற பெர்சி பில்ச்சர் நேரில் வந்து லிலியந்தாலிடம் கற்று, ஒரு விமானமும் வாங்கிச் சென்றார். தாம் கற்றதைப் பூட்டி வையாமல், நாடு மொழி பாராது வந்தோர்க்கெல்லாம் வழங்கிய வண்மை லிலியந்தாலுடையது. பறத்தல் பலரும் கூடிப் பயிலும் விளையாட்டாகப் பரவினால்தான் இக்கலை விரைந்து வளரும் என்றும், மக்கள் எல்லைகளைக் கடந்து பறக்கும் காலத்தில் தேசங்களுக்கிடையே பகை தணியும் என்றும் அவர் நம்பினார்.

முடிவு

ஐந்தாண்டுகளில் லிலியந்தால் பறந்த தடவைகள் ஏறக்குறைய 2000. அவ்வளவிலும் அவர் வானிற் கழித்த நேரம் மொத்தம் ஐந்து மணிக்கு மேற்படாது என்று மதிப்பிட்டிருக்கின்றனர். ஒவ்வொரு முறையும் சில விநாடிகளே கிட்டும். அச்சில விநாடிகளுக்காக ஒவ்வொரு முறையும் சிறகைச் சுமந்து குன்றேற வேண்டும்.

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ரைனோ குன்றுகளுள் ஒன்றாகிய கோல்லன்பெர்க்கில் வழக்கம்போற் பறந்துகொண்டிருந்தார். வெயில் நன்கு காய்ந்த நாள். திடீரென வந்த காற்றின் வீச்சால் விமானம் முன்னெழுந்து, வானில் அசைவற்று நின்றது. கால்களை வீசி அதனை நிலைப்படுத்த முயன்றும் பயனில்லாமல் சுமார் 15 மீட்டர் உயரத்தினின்றும் தலைகீழாய் வீழ்ந்தார். 1894ஆம் ஆண்டில் ஒரு முறை வீழ்ந்தபோது அவர் உயிரைக் காத்தது, விமானத்தின் முன்னே பொருத்தியிருந்த வளார் வளையம். இம்முறை ஏறிய விமானத்தில் அவ்வளையம் இல்லை. முதுகெலும்பு முறிந்த நிலையில் பெர்லினுக்குக் கொண்டுவரப்பட்டு, மறுநாள் ஆகஸ்டு 10ஆம் நாள் உயிர் நீத்தார். வயது நாற்பத்தெட்டு.

அவரைப் பலியானவர் என்று மட்டும் போற்றுவோர் அவர் வாழ்வின் பொருளைப் பாதியே உணர்ந்தவராவர். அவர் உயிரைத் துச்சமாக மதித்தவர் அல்லர். ஒரு மீட்டர் பலகையிற் தொடங்கி, இரண்டாயிரம் முறை பத்திரமாய் மண்ணில் இறங்கியவர் அவர். உடலை அசைத்து மட்டும் பெருங்காற்றை வெல்லவியலாது என்பதே அவர் இறுதியில் கற்பித்த பாடம்.

அப்பாடத்தை நன்கு கற்றவர்கள் அமெரிக்காவின் ரைட் சகோதரர். லிலியந்தால் மறைந்த செய்தி அவர்கள் உள்ளத்தில் பறத்தற் சிந்தையை மீண்டும் எழுப்பியது. அவர்கள் அவருடைய அளவுகளை எடுத்துக்கொண்டு தொடங்கினர். 1901ஆம் ஆண்டில் தாமே காற்றுக் குகையொன்று செய்து அளந்து புதிய அளவுகளை வகுத்தனர். உடலசைவுக்கு மாறாகச் சிறகையே முறுக்கித் திருப்பும் வழியைக் கண்டனர். ஆயினும் முறை மட்டும் அவருடையதே. யந்திரம் பூட்டுமுன் 1900 முதல் 1902 வரை கிளைடரிலேயே பன்முறை பயின்று, அதன் பின்னரே 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் யந்திர விமானத்தில் எழுந்தனர்.

கிளைடர்ச் சங்கங்களும் வசந்தகாலப் பயிற்சியும்

யந்திர விமானம் வந்தபின் கிளைடர் மறைந்துபோகவில்லை. முதல் உலகப் போரின் பின் ஜெர்மனியில் யந்திர விமானங்களுக்குக் கடுந்தடை விதிக்கப்பட்டபோது, மாணவரும் இளைஞரும் வாசர்க்குப்பே மலையிற் கூடி 1920ஆம் ஆண்டில் கிளைடர்ப் போட்டி தொடங்கினர். அதன் பின் ஊர்தோறும் சங்கங்கள் தோன்றின. 1933ஐ அடுத்த ஆண்டுகளில் நாத்சி அரசு அச்சங்கங்களைத் தன் கைப்படுத்தி, வான்படைக்கு ஆள்சேர்க்கும் களமாக்கிற்று. பறத்தல் தேசங்களின் பகையைத் தணிக்கும் என்று நம்பியவர் பெயரால் வளர்ந்த கலைக்கு இதனினும் பெரிய இழுக்கு வேண்டுவதில்லை. இரண்டாம் உலகப் போரின் பின்னர் மேற்கு ஜெர்மனியில் கிளைடர் ஓட்ட 1951ஆம் ஆண்டில்தான் மீண்டும் இசைவு கிடைத்தது. அது முதல் சங்கங்கள் பழையபடி ஊதியம் பெறாத் தொண்டர்களால் நடந்துவருகின்றன.

அச்சங்கங்களில் ஆண்டு தொடங்குவது வசந்தத்தில் எனலாம். குளிர்காலமெல்லாம் உறுப்பினர் கொட்டகையிற் கூடி, விமானங்களைப் பகுதி பகுதியாய்க் கழற்றித் துடைத்துப் பழுதுபார்த்து வைப்பர். பறப்பதற்கு உரிமை பெறுவோர் இவ்வேலைக்கும் கடமைப்பட்டவர். பனி உருகி நிலம் உலர்ந்ததும் களத்துப் புல்லைச் சீர்செய்து, விமானத்தை மேலே இழுக்கும் நீண்ட வடத்தை அங்குலம் அங்குலமாய்ச் சோதிப்பர். பின்னர் நடப்பதே நாம் கருதத்தக்கது. பல்லாண்டு பறந்து தேர்ந்தவர்களும் குளிர்கால இடைவெளிக்குப் பின் ஆசிரியரோடு இரட்டை இருக்கை விமானத்தில் ஏறி, தொடக்க மாணவரைப் போலச் சோதனை கொடுப்பர். ஏறும்போதே வடம் அறுந்தாற் செய்வது என்ன என்பதனை ஆசிரியர் வேண்டுமென்றே வடத்தை விடுவித்துப் பழக்குவார். அச்சோதனையில் வெட்கப்படுவோர் எவரும் இலர். லிலியந்தாலின் ஒரு மீட்டர்க் குதிபலகை இன்னும் அங்கே நிற்கின்றது என்று நாம் சொல்லலாம்.

ஒருவர் பறக்கப் பலர் உழைத்தல் வேண்டும். ஒருவர் சிறகின் நுனியைப் பிடித்து உடன் ஓடுவார். ஒருவர் சைகை காட்டுவார். ஒருவர் வடஞ்சுற்றும் யந்திரத்தை இயக்குவார். ஒருவர் ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் ஏட்டில் எழுதுவார். நாள் முழுவதும் பிறர்க்கு உதவிச் சில நிமிடங்களே தாம் பறப்பதும் உண்டு. ஆசிரியரும் கூலி பெறுவதில்லை. தாம் கற்ற கடனை இளையோர்க்குக் கற்பித்துத் தீர்க்கின்றனர்.

வசந்தத்திற்கு வேறொரு சிறப்பும் உண்டு. அப்பொழுது மேலுள்ள காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கும்; சூரியனோ வலுப்பெற்று நிலத்தைச் சுடும். சூடேறிய காற்று தூண்போல் மேலெழும். அதன் உச்சியிற் பஞ்சுப் பொதி போன்ற வெண்முகில் தோன்றும். அத்தூணுக்குள் வட்டமிட்டுச் சுழன்றே கிளைடர்கள் ஆயிரக்கணக்கான அடி உயர்ந்து, மணிக்கணக்காய்ப் பறக்கின்றன. லிலியந்தாலை வீழ்த்திய காற்றும் இத்தகைய ஏறுகாற்றே என்று ஆராய்ந்தோர் பலர் கருதுகின்றனர். அவர் உயிரைக் கொண்ட காற்றே அவர் வழிவந்தோர்க்கு ஏணியாயிற்று! அவர் வீழ்ந்த கோல்லன்பெர்க்கின் அடியில், ஷ்டோல்லன் என்னும் சிற்றூரில், இன்றும் கிளைடர்கள் பறக்கின்றன. அவருடைய மனைவியார் பெயரைத் தாங்கிய பெரிய விமானம் ஒன்றும் 1989ஆம் ஆண்டில் அங்கே புற்றரையில் இறக்கப்பட்டு நினைவுச் சின்னமாய் நிற்கின்றது.

மாணவ நண்பர்களே! ஓட்டோ லிலியந்தாலுக்குச் செல்வச் சிறப்பு இல்லை. அரசின் ஆதரவு இல்லை. பெரும்புலவர் பாராட்டும் இல்லை. பறவையை உற்று நோக்கும் கண்ணும், அளந்தன்றி நம்பாத அறிவும், சிறிய உயரத்தினின்று தொடங்க நாணாத அடக்கமுமே அவருக்கு இருந்தன. விரைவிற் பயன் காண விரும்பும் நமக்கு அவற்றுள் மிக அரியது கடைசியிற் சொன்னதே. எக்கலையைக் கற்பினும், ஒரு மீட்டர் உயரத்தைச் செவ்வையாய்க் கடந்த பின்னரே இரண்டாம் மீட்டருக்கு ஆசைப்படுவோமாக. கற்றபின் அதனைப் பிறர்க்கும் மனமுவந்து வழங்குவோமாக. அவ்வாறு செய்வோமாயின் அப்பெரியாரின் நினைவைப் போற்றியவராவோம்.